லண்டன் கார்டும் கீழக்கரை ஓ.டி.யும்: ஓவர்டிராஃப்ட்டைக் கிரெடிட் கார்டால் அடைக்கலாமா?

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்த 61 நாள்களில் இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி ஆகிய ஊர்களில் படகுக்காரர்களின் வருமானம் மட்டும் நிற்பதில்லை. ஐஸ் ஆலை, வலைக்கடை, டீசல் பங்க், கருவாட்டுக் கிட்டங்கி என்று படகை நம்பியிருக்கும் எல்லாத் தொழில்களிலும் பணப்புழக்கம் வற்றிவிடுகிறது. கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மே மாதத்தில் என் மேசைக்கு வரும் வங்கி ஸ்டேட்மென்ட்டுகளில் பலவற்றில், இருப்புத் தொகையை அடுத்து ‘டி.ஆர்.’ என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். ‘சி.ஆர்.’ என்று இருந்தால் அது நம் பணம், ‘டி.ஆர்.’ என்று இருந்தால் அது வங்கியின் பணம், அதற்கு அன்றாடம் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கீழக்கரையில் கருவாட்டு வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் அப்படியொரு ஸ்டேட்மென்ட்டோடு வந்தார். அவருடையது ஓவர்டிராஃப்ட் கணக்கு, சுருக்கமாக ஓ.டி. அவருடைய சகோதரி மகன் லண்டனில் பணிபுரிகிறார். அவர் தொலைபேசியில், “மாமா, நான் இங்கே ஒரு கிரெடிட் கார்டு வாங்கி என் ஓ.டி.யை ஒரேயடியா அடைச்சிட்டேன். வட்டியே கிடையாது. நீங்களும் அப்படிச் செய்யுங்க” என்று சொல்லியிருக்கிறார். நண்பரின் பணப்பையிலும் ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. அதைக் கொண்டு ஓ.டி.யை அடைத்துவிடலாமா என்பதுதான் அவர் கேட்டது. மருமகன் சொன்னது பொய்யன்று. லண்டனில் அது நடக்கிறது. ஆனால் அதே காரியத்தை இங்கே செய்தால் கையைக் கடிக்கும். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, இரண்டு கடன்களும் எப்படி இயங்குகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஓவர்டிராஃப்ட், அதாவது மிகைப்பற்று என்பது, நம் கணக்கில் பணம் இல்லாதபோதும் ஒரு வரம்பு வரை எடுத்துக்கொள்ள வங்கி முன்கூட்டியே தரும் அனுமதியாகும். 2,00,000 ரூபாய் வரம்பு கொடுத்திருக்கிறார்கள் என்றால், அந்த 2,00,000 ரூபாயும் நமக்குக் கடனாக வந்துவிட்டதென்று பொருளில்லை. அதில் எவ்வளவு எடுத்தோமோ அதற்கு, எத்தனை நாள் வைத்திருந்தோமோ அத்தனை நாளுக்கு மட்டுமே வட்டி. 13 சதவீத வட்டியில் 80,000 ரூபாயை எடுத்து 20 நாள்களில் திருப்பிக் கட்டினால், 80,000 ரூபாயை 13 சதவீதத்தாலும் 20 நாள்களாலும் பெருக்கி 365 ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 570 ரூபாய் வரும். அந்தத் தொகையை வங்கி மாதக் கடைசியில் கணக்கிலேயே பற்று எழுதிக்கொள்ளும்.

நாள் கணக்கில் வட்டி என்ற இந்த ஒரு குணம் கடலோர வியாபாரத்துக்கு மிகவும் பொருத்தமானது. காலையில் ஏலத்தில் மீன் எடுக்கப் பணம் போகிறது. மாலையிலோ மறுநாளோ விற்ற பணம் திரும்புகிறது. அதை வீட்டு அலமாரியில் வைக்காமல் அன்றைக்கே கணக்கில் கட்டினால் அன்றிரவே கடன் குறைகிறது, வட்டியும் குறைகிறது. வாரக் கடைசியில் மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கும் கடைக்காரர்களிடம் நான் முதலில் மாற்றச் சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான்.

வட்டியை ரூபாய்க் கணக்கில் பாருங்கள்

நம் ஊரில் வட்டியை யாரும் ஆண்டுச் சதவீதத்தில் பேசுவதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்றுதான் பேசுவோம்: ஒரு ரூபாய் வட்டி, ஒன்றரை ரூபாய் வட்டி, மூன்று ரூபாய் வட்டி. வங்கியின் தாளில் இருக்கும் சதவீதங்களையும் அதே கணக்கில் மாற்றிப் பார்த்தால் எது மலிவு, எது விலை என்பது உடனே தெரிந்துவிடும். ஆண்டுக்கு 12 சதவீதம் என்பது ஒரு ரூபாய் வட்டி. நண்பரின் ஓ.டி.க்கு 13 சதவீதம், அதாவது ஒரு ரூபாய் எட்டு பைசா வட்டி.

கிரெடிட் கார்டுக்கு வாருங்கள். கெடு தேதிக்குள் முழுத் தொகையும் கட்டப்படாத பாக்கிக்குப் பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதம் வட்டி போடுகிறார்கள், சிலவற்றில் 3.75 சதவீதம் வரையிலும் உண்டு. ஆக, அது மூன்றரை ரூபாய் வட்டி. அதோடு முடிவதில்லை. வங்கிக் கடன் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது என்று விதியிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் மூன்றரை ரூபாய் வட்டி நான்கு ரூபாய் 13 பைசா வட்டியாகிறது. ஊரில் ஒருவர் நாலு ரூபாய் வட்டி கேட்டால் கந்துவட்டிக்காரர் என்று முகத்தைச் சுளிப்போம். அதே வட்டியை மினுமினுக்கும் அட்டை ஒன்று கேட்கும்போது நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2008ஆம் ஆண்டில் தேசிய நுகர்வோர் ஆணையம் அளித்த தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது.

கார்டைக் கொண்டு ஓ.டி.யை அடைக்க வேண்டுமானால் கார்டிலிருந்து ரொக்கமாகப் பணம் எடுத்தாக வேண்டும், ஏனெனில் வங்கிக் கணக்கு என்பது கார்டைத் தேய்க்கும் கடை அன்று. ரொக்கம் எடுப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு. பொதுவாக எடுக்கும் தொகையில் 2.5 சதவீதம் அளவுக்கு இருக்கும். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாத நாள்கள் ரொக்கத்துக்குக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். கார்டின் மொத்த வரம்பில் ஒரு பகுதியை மட்டுமே ரொக்கமாக எடுக்க முடியும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தடைக்காலத்தின் 61 நாள்களுக்கு 50,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஓ.டி.யில் 13 சதவீதத்தில் அந்தத் தொகை நின்றால் வட்டி ஏறத்தாழ 1,086 ரூபாய். அதே 50,000 ரூபாயைக் கார்டில் ரொக்கமாக எடுத்து ஓ.டி.யை அடைத்தால், ரொக்கக் கட்டணம் 1,250 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. 225 ரூபாய், 61 நாள் வட்டி ஏறத்தாழ 3,510 ரூபாய், அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. 632 ரூபாய் என்று மொத்தம் 5,617 ரூபாய் ஆகிறது. அதாவது 1,086 ரூபாய்ச் செலவைத் தவிர்க்க 5,617 ரூபாய் செலவிடுகிறோம். நண்பரிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது அவர் தாளைப் பார்க்கவில்லை. கார்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

லண்டனில் ஏன் நடக்கிறது?

பிரிட்டனில் நிலைமை தலைகீழ். அங்கே 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், ஓவர்டிராஃப்ட்டுக்கு நாள் கட்டணம், மாதக் கட்டணம் என்று வாங்குவதை நிறுத்தி, ஒரே ஆண்டு வட்டி விகிதமாகச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தின. அதையொட்டிப் பெரிய வங்கிகள் பலவும் 40 சதவீதத்தை ஒட்டிய வட்டியை வைத்தன. ஆகவே அங்கே ஓ.டி. என்பதே விலை உயர்ந்த கடன். மறுபக்கம், வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகப் பணத்தைச் செலுத்தி, அதற்குக் குறிப்பிட்ட மாதங்கள் வரை வட்டியே வாங்காத ஒரு வகைக் கார்டு அங்கே உண்டு. தொடக்கத்தில் ஒரே ஒரு முறை 3 அல்லது 4 சதவீதக் கட்டணம் மட்டும் வாங்குவார்கள்.

மருமகனின் ஓ.டி. 1,000 பவுண்ட் என்று கொள்வோம். 4 சதவீதக் கட்டணத்தோடு கார்டில் 1,040 பவுண்ட் கடன் ஏறும். அதை 12 மாதங்களில் மாதம் 86 பவுண்ட் 67 பென்ஸ் வீதம் கட்டி முடித்துவிடலாம். அதே 86 பவுண்ட் 67 பென்ஸை 39.9 சதவீத ஓ.டி.யில் மாதந்தோறும் கட்டி வந்திருந்தால், 12 மாத முடிவிலும் ஏறத்தாழ 180 பவுண்ட் பாக்கி நின்றிருக்கும். அவர் செய்தது புத்திசாலித்தனம்தான். வட்டியில்லாத மாதங்கள் முடிவதற்குள் கட்டி முடிக்காவிட்டால் மீதிக்கு வழக்கமான கார்டு வட்டி ஏறும் என்பதை மட்டும் அவர் மறக்கக் கூடாது.

நம் நாட்டில் கார்டு நிறுவனங்கள் தரும் பாக்கி மாற்றும் வசதி ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு கார்டுக்கு மாற்றுவதற்கானது, ஓ.டி. கணக்கை அதில் கொண்டுவர முடியாது. இரண்டும் கார்டுக்குக் கடனை மாற்றும் வசதிகள் என்பதால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதை இங்கே கொஞ்சம் திருத்தி, அக்கரையில் உண்மையிலேயே பச்சைதான், ஆனால் அந்தச் செடி இக்கரை மண்ணில் முளைப்பதில்லை என்று நண்பரிடம் சொன்னேன்.

கார்டின் மீதே தரும் கடன்

இதற்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கார்டு வைத்திருப்பவர்களைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் கார்டின் மீது இத்தனை ரூபாய் கடன் தயாராக இருக்கிறது, மாதத் தவணையில் கட்டலாம் என்கிறார்களே, அது வங்கிக் கணக்கில்தானே வருகிறது, அதை வைத்து ஓ.டி.யை அடைக்கலாமே? ஈடு எதுவும் கொடுக்காமல் வாங்கிய ஓ.டி.க்கு 18, 20 சதவீதம் என்று வட்டி கட்டுபவர்களுக்கு இது நியாயமான கேள்விதான். அதனால் இதை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஓ.டி. 20 சதவீதம், கார்டுக் கடன் 16 சதவீதம், தொகை 50,000 ரூபாய், காலம் 12 மாதம் என்று கொள்வோம். கார்டுக் கடனில் மாதத் தவணை ஏறத்தாழ 4,537 ரூபாய். 12 மாதத்தில் வட்டி மட்டும் ஏறத்தாழ 4,440 ரூபாய். இங்கேயும் வட்டிக்கு ஜி.எஸ்.டி. உண்டு, அது 800 ரூபாய். தொடக்கக் கட்டணம் 2 சதவீதம் என்றால் ஜி.எஸ்.டி.யோடு 1,180 ரூபாய். ஆக மொத்தம் 6,420 ரூபாய். அதே 50,000 ரூபாயை 20 சதவீத ஓ.டி.யிலேயே வைத்து, 12 மாதத்தில் தீரும்படி சம தொகையாகக் கட்டி வந்தால் வட்டி ஏறத்தாழ 5,580 ரூபாய். காகிதத்தில் 4 சதவீதம் மலிவாகத் தெரிந்த கடன் முடிவில் 840 ரூபாய் அதிகம் பிடுங்கியிருக்கிறது. தொலைபேசியில் பேசுகிறவர் சொல்லும் வட்டி விகிதம் குறையும் அசலுக்கா, முழு அசலுக்கா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் ‘ஒரு ரூபாய் வட்டி’ என்று கணக்கிட்டால், ஓராண்டுக் கடனில் உண்மையான வட்டி 12 சதவீதமன்று, 21 சதவீதத்துக்கு மேல்.

பணக்கணக்கை விடவும் எனக்குப் பெரிதாகப் படுவது தவணைத் தேதி. ஓ.டி.யில் இந்த வாரம் கட்ட முடியாவிட்டால் அடுத்த வாரம் கட்டலாம். வட்டி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். தவணை அப்படியன்று. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிப் படகுகளெல்லாம் கரையில் கிடக்கும் வாரத்திலும் ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதிதான். கடலை நம்பிப் பிழைப்பவர் ஓ.டி.யைத் தவணைக் கடனாக மாற்றுமுன் இதை யோசிக்க வேண்டும்.

தவணை தவறிக் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டத் தொடங்கிவிட்டால் கணக்கு இன்னும் மோசமாகும். 50,000 ரூபாய் பாக்கிக்கு 5 சதவீதம் குறைந்தபட்சத் தொகை என்றால் 2,500 ரூபாய். அதில் ஜி.எஸ்.டி.யோடு சேர்ந்த வட்டிக்கே 2,065 ரூபாய் போய்விடும். அசலில் குறைவது 435 ரூபாய். தெரிந்த கடையில் கார்டைத் தேய்த்து, இரண்டு மூன்று சதவீதம் கழித்துக்கொண்டு ரொக்கம் வாங்கிக்கொள்ளும் வழக்கமும் இங்கே உண்டு. அது கார்டு நிறுவனத்தின் விதிகளுக்கு விரோதம் என்பதோடு, அடுத்த மாதம் முழுத் தொகையையும் கட்ட முடியாதவருக்கு மேற்சொன்ன அதே பள்ளத்தில்தான் கொண்டுபோய் விடும்.

கார்டு உதவும் ஒரு வழி

இவ்வளவு சொன்ன பிறகு கார்டைக் கத்தரித்துப் போட்டுவிட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. பொருள் வாங்குவதற்குக் கார்டில் ஏறத்தாழ 20 முதல் 50 நாள்கள் வரை வட்டியில்லாத காலம் கிடைக்கிறது. கடைக்குத் தேவையான சரக்கை ஓ.டி. கணக்கிலிருந்து பணம் எடுத்து வாங்காமல் கார்டில் வாங்கினால், அந்த நாள்களுக்கு ஓ.டி.யில் பற்று ஏறாது. 30,000 ரூபாய்ச் சரக்கு, 40 நாள் அவகாசம், 13 சதவீத ஓ.டி. என்றால் மிச்சமாகும் வட்டி ஏறத்தாழ 427 ரூபாய். கெடு தேதியன்று ஓ.டி. கணக்கிலிருந்தே கார்டின் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். கார்டு ஓ.டி.க்குச் செய்யக்கூடிய நியாயமான உதவி இவ்வளவுதான்.

இதிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. கார்டில் வாங்கினால் 2 சதவீதம் கூட வேண்டும் என்று சரக்குக் கடைக்காரர் சொன்னால் 30,000 ரூபாய்க்கு 600 ரூபாய் போய்விடும். 427 ரூபாய் மிச்சம் பிடிக்க 600 ரூபாய் கொடுத்தவராவோம். டீசல் பங்கிலும் எரிபொருளுக்கான கூடுதல் கட்டணம் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, ஒரு மாதம் முழுத் தொகையைக் கட்டாமல் விட்டால் வாங்கிய நாளிலிருந்தே வட்டி போடுவார்கள்; புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாத நாள்கள் போய்விடும்.

ஓ.டி. உண்மையிலேயே சுமையாக இருந்தால் முதலில் செய்ய வேண்டியது, ஓராண்டு ஸ்டேட்மென்ட்டை விரித்து வைத்து, ‘டி.ஆர்.’ தொகை மிகக் குறைவாக இருந்த நாளைக் கண்டுபிடிப்பது. நண்பரின் கணக்கில் வரம்பு 2,00,000 ரூபாய். தடைக்காலம் முடிந்து வியாபாரம் சூடுபிடித்த மாதங்களில்கூடப் பற்று 70,000 ரூபாய்க்குக் கீழே இறங்கவேயில்லை. அந்த 70,000 ரூபாய் வந்து போகும் பணமன்று. கணக்கின் அடியில் உறைந்து கிடக்கும் பழைய கடன். மேலே அலையும் பணத்துக்கு ஓ.டி. பொருத்தமானது, அடியில் உறைந்ததை மலிவான இடத்துக்கு மாற்றுவதுதான் வேலை.

மலிவான இடங்கள் நம் ஊர் வங்கிகளிலேயே இருக்கின்றன. வைப்புத்தொகை இருந்தால் அதன் மீதே ஓ.டி. வாங்கலாம்; வைப்புக்கு அவர்கள் தரும் வட்டியை விடப் பொதுவாக ஒன்றிரண்டு சதவீதமே கூடுதலாக இருக்கும். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக் கடன் பெரும்பாலும் ஈடில்லாத கடன்களை விட மலிவு. இரண்டும் இல்லாதவர், உறைந்த தொகையைத் தனியே பிரித்துத் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி மேலாளரிடம் எழுத்தில் கேட்கலாம். வரம்பை மீறி எடுத்திருந்தால் அபராதம் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்: 2024 ஏப்ரல் முதல், அதைக் கூடுதல் வட்டியாகப் போடாமல் தனிக் கட்டணமாகவே போட வேண்டும் என்றும், அந்தக் கட்டணத்துக்கு மேல் வட்டி ஏற்றக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

மீனவர்களுக்கு இன்னொன்று உண்டு, பெயரால் குழப்பம் தருவதும் அதுதான்: கிசான் கிரெடிட் கார்டு. 2018-19 நிதிநிலை அறிக்கையில் இது மீன்வளத்துக்கும் விரிவாக்கப்பட்டது. பெயரில் கிரெடிட் கார்டு என்று இருந்தாலும் இது வழக்கமான கிரெடிட் கார்டு போன்றதன்று. எடுப்பதும் கட்டுவதுமாக இயங்கும் ஓ.டி.யின் உறவினர். மீன்பிடித் தொழிலின் நடைமுறைச் செலவுகளுக்காக 2,00,000 ரூபாய் வரை 7 சதவீத வட்டியில் கடன் என்றும், காலத்தில் கட்டுபவருக்கு 3 சதவீதச் சலுகை போக 4 சதவீதம் என்றும் திட்டம் வகுக்கப்பட்டது. 4 சதவீதம் என்றால் முப்பத்து மூன்று பைசா வட்டி. பழைய ஓ.டி.யை அடைக்க என்று சொல்லி இதை வாங்க முடியாது. வலைக்கும் டீசலுக்கும் ஐசுக்கும் இதில் செலவு செய்தால், அந்தச் செலவுகளுக்காக விலையான ஓ.டி.யைத் தொட வேண்டிய தேவை குறையும். தகுதியிருந்தும் இதைக் கேட்காத படகுக்காரர்களைத் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் நான் பார்த்திருக்கிறேன்.

எந்த வழியில் ஓ.டி.யைக் குறைத்தாலும், குறைத்த அன்றே வரம்பையும் குறைத்துத் தரும்படி வங்கிக்குக் கடிதம் கொடுப்பது நல்லது. இல்லாவிட்டால் காலியான 70,000 ரூபாய் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த கல்யாணத்துக்கோ வீட்டு வேலைக்கோ அதை எடுப்போம். பழைய கடன் ஓரிடத்திலும் புதிய கடன் இன்னோரிடத்திலுமாக இரண்டு ஓடத் தொடங்கும். லண்டன் மருமகனுக்கும் இது பொருந்தும்.

நண்பர் கார்டைத் திரும்பப் பையில் வைத்தார். அடுத்த வாரம் மனைவியின் சம்மதத்தோடு வளையல்களை வங்கியில் வைத்து 70,000 ரூபாயை ஓ.டி.யில் கட்டினார், வரம்பை 1,30,000 ரூபாயாகக் குறைக்கக் கடிதமும் கொடுத்தார். ஜூன் 15 அன்று படகுகள் கடலுக்குப் போயின. ஜூலைக் கடைசியில் அவர் கொண்டுவந்த ஸ்டேட்மென்ட்டில் நான்கு நாள்கள் ‘சி.ஆர்.’ என்று இருந்தது. அந்த நான்கு வரிகளின் கீழும் அவரே பேனாவால் கோடு போட்டிருந்தார்.